துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கருக்கே துப்பாக்கி அரசியல் ஏன் கசக்கிறது?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் 2017-இல் பியூ ஆய்வு மையம் ஒரு கேள்வி கேட்டது. கடையில் வாங்கும்போது மட்டுமல்லாமல், தனியார் ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கி விற்கும்போதும் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டுமா என்பது கேள்வி. வேண்டும் என்றவர்கள் நான்கில் மூன்று பேருக்கும் மேல். ஆனால் இதைவிட மிதமான ஒரு யோசனை 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது தோற்றுப்போனது. கனெக்டிகட் மாநிலத்தின் சேண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஆதரவு 54, எதிர்ப்பு 46. செனட் நடைமுறைப்படி தேவைப்பட்டது 60.

துப்பாக்கிக்காரர்கள் ஒப்புக்கொள்கிற ஒன்றை, துப்பாக்கிக்காரர்களின் வாக்குக்கு அஞ்சி செனட்டர்கள் நிராகரிப்பது எப்படி? இது புரிய வேண்டுமானால் துப்பாக்கி வைத்திருக்கும் மக்களையும் துப்பாக்கி அரசியலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டவை. ஒட்டிய இடத்தில் இன்றும் வலி இருக்கிறது.

யார் இவர்கள்?

அமெரிக்கப் பொதுமக்களின் கையில் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக ஜெனீவாவைச் சேர்ந்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018-இல் மதிப்பிட்டது. நூறு பேருக்கு 120 என்ற கணக்கு. ஆனால் அவை எல்லார் வீட்டிலும் பரவியிருக்கவில்லை. 2023-இன் பியூ ஆய்வில், சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னவர்கள் வயது வந்தோரில் 32 விழுக்காடு. குடியரசுக் கட்சிச் சார்பினரில் இது 45, ஜனநாயகக் கட்சிச் சார்பினரில் 20.

கடைசி எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஐந்தில் ஒருவர் என்றால் அது கோடிக்கணக்கான மனிதர்கள். மறுபுறம், குடியரசுக் கட்சிப் பக்கமும் பாதிக்கு மேற்பட்டோரிடம் துப்பாக்கி இல்லை.

வைத்திருப்பதற்கான காரணமும் மாறியிருக்கிறது. 1999-இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேட்டைக்காக என்றார்கள். தற்காப்புக்கு என்றவர்கள் நான்கில் ஒருவர். 2023-இல் தற்காப்பு ஒரு முக்கியக் காரணம் என்றவர்கள் 72 விழுக்காடு. அப்பாவோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகியவருக்குத் துப்பாக்கி என்பது இலையுதிர் காலத்துச் சில வார இறுதிகள். இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நடப்பவருக்கு அது அன்றாட வாழ்க்கை. சட்டம் இருவரையும் ஒரே மாதிரித் தொடுவதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

1. இரண்டாவது திருத்தம்: அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1791-இல் சேர்ந்த ஒரே ஒரு வாக்கியம். முன்பாதி ஒழுங்கமைந்த குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது. பின்பாதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படலாகாது என்கிறது. எந்தப் பாதிக்கு எடை அதிகம் என்பதுதான் நெடுங்காலச் சண்டை. இது தனிமனித உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2008-இல், ஹெல்லர் வழக்கில், 5-4 என்ற கணக்கில் சொன்னது.

2. பின்னணிச் சரிபார்ப்பு: உரிமம் பெற்ற கடைக்காரர் துப்பாக்கியை விற்குமுன் வாங்குபவரின் விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியத் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும். 1998 முதல் நடைமுறை. ஒரே மாநிலத்துக்குள் இரு தனிமனிதர்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்குக் கூட்டாட்சிச் சட்டம் இதைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் கேட்கின்றன.

3. அரைத்தானியங்கி: விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டாக்கள் தொடர்ந்து பாய்வது முழுத்தானியங்கி, அதாவது இயந்திரத் துப்பாக்கி. 1986 மே மாதத்துக்குப் பின் தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்க முடியாது.

4. ஏ.ஆர்-15: மிகப் பரவலாக விற்கும் அரைத்தானியங்கி ரைபிள். ஏ.ஆர். என்பது அதை 1950-களில் வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘தாக்குதல் ரைபிள்’ என்பதன் சுருக்கம் அல்ல.

5. ஃபட்: பழைய கார்ட்டூனில் முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டின் பெயர். ‘என் வேட்டைத் துப்பாக்கியைத் தொடாதவரை எனக்கென்ன’ என்று இருப்பவரைப் பிற துப்பாக்கிக்காரர்கள் இப்படி ஏசுகிறார்கள். அகராதிக்கு இது சின்னச் சொல். இந்த உலகத்தின் உட்பகை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

சுடக் கற்றுக்கொடுத்த சங்கம்

தேசிய ரைபிள் சங்கம், சுருக்கமாக என்.ஆர்.ஏ., 1871-இல் நியூயார்க்கில் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த இருவர், வில்லியம் சர்ச்சும் ஜார்ஜ் விங்கேட்டும், தங்கள் வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில் நிறுவியது. நூறாண்டுக் காலம் அதன் முதன்மை வேலை பயிற்சி, போட்டி, பாதுகாப்பு வகுப்பு.

சட்டங்களோடு அது அன்று நடந்துகொண்ட விதம் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் ஒலியடக்கிகளுக்கும் 200 டாலர் வரியும் பதிவும் விதித்த 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, சங்கத் தலைவர் கார்ல் ஃப்ரெடரிக் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். ஒலிம்பிக் தங்கம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீரர் அவர். கண்டவரெல்லாம் துப்பாக்கியோடு திரிவதில் தனக்கு உடன்பாடில்லை, அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்றார்.

1967 மே மாதம், கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். தங்கள் குடியிருப்புகளில் காவல்துறையைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்தே வந்திருந்தார்கள். அந்த மசோதா சட்டமானது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகன். என்.ஆர்.ஏ.வும் அதை ஆதரித்தது. துப்பாக்கி உரிமை பற்றிப் பேசும் கறுப்பினத்தவர் யாரும் இந்த ஆண்டை மறப்பதில்லை.

திருப்பம் 1977-இல் வந்தது. அரசியலைக் குறைத்துக்கொண்டு வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு என்று போகலாம் எனச் சங்கத் தலைமை எண்ணியது. தலைமையகத்தையே வாஷிங்டனிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு மாற்றத் திட்டமிட்டது. அந்த மே மாதம் சின்சினாட்டியில் ஆண்டுக் கூட்டம். அதிருப்தி உறுப்பினர்கள் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி அணிந்து அரங்கை நிறைத்தார்கள். சங்க விதிகளைத் திருத்தும் வாக்கெடுப்புகள் விடியற்காலைவரை நீண்டன. பொழுது புலரும்போது பழைய தலைமை இல்லை. ஹார்லன் கார்ட்டரின் அணி வந்திருந்தது. எந்தக் கட்டுப்பாட்டுக்கும் இடம் கொடுப்பதில்லை என்பது அதன் கொள்கை. 1980-இல் சங்கம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு குடியரசுத் தலைவர் வேட்பாளரை ஆதரித்தது. கலிஃபோர்னியாச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ரேகனை.

பின்விளைவு சாதாரண உறுப்பினருக்குத்தான். சுடுதளம் வைத்திருக்கும் உள்ளூர்க் கழகங்கள் பலவற்றில் சேர என்.ஆர்.ஏ. உறுப்பினர் அட்டை வேண்டும். சங்கச் சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநர் வேலை கிடைப்பது கடினம். சனிக்கிழமை இலக்குத் தாளில் நாலு குண்டு போடுவதற்காகச் சந்தா கட்டியவர், தாம் வாக்களிக்காத அரசியலுக்கும் சேர்த்தே கட்டினார். உறுப்பினர் தொகையை மட்டும் பார்த்து அத்தனை பேரும் ஒரே மனம் என்று கணக்கிடுவது இதனால்தான் பிழை.

உள்ளிருந்து பேசியவர்களுக்கு நேர்ந்தது

கருத்துக்கணிப்பில் தெரியும் மிதவாதம் வெளியே ஏன் ஒலிப்பதில்லை? மூன்று நிகழ்வுகள் இதைச் சொல்லும். மூன்றிலும் தண்டித்தது அரசோ எதிர்க்கட்சியோ அல்ல. வாடிக்கையாளர்களும் வாசகர்களும்தான்.

1. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனம் கிளின்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. துப்பாக்கிகளுக்குப் பாதுகாப்புப் பூட்டு, விற்பனையாளர்களுக்கு நடத்தை விதி போன்றவை நிபந்தனைகள். துப்பாக்கி வாங்குவோர் உடனே புறக்கணிப்பில் இறங்கினார்கள். 1987-இல் ஏறக்குறைய 112 மில்லியன் டாலருக்கு நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டனின் டாம்கின்ஸ், 2001-இல் அதை 15 மில்லியன் டாலருக்கும் கடன் பொறுப்புக்குமாகக் கைமாற்றியது. அன்றிலிருந்து எந்தப் பெரிய தயாரிப்பாளரும் அந்த வழியில் போகவில்லை.

2. ஜிம் ஜம்போ நாற்பதாண்டுகள் வேட்டை பற்றி எழுதி மதிப்புப் பெற்றவர். 2007 பிப்ரவரியில், வேட்டைக்கு ஏ.ஆர். வகை ரைபிள்கள் எதற்கு என்று கேட்டு, அவற்றைப் பயங்கரவாதிகளின் ரைபிள் என்று எழுதிவிட்டார். சில நாட்களிலேயே பத்திரிகைப் பணி, தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான ஆதரவு, ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்தோடு இருந்த உறவு எல்லாம் போயின. மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. அவர் பெயரே ஒரு வினைச்சொல்லானது: ஒருவரை ‘ஜம்போ செய்வது’ என்றால் எழுத்துத் தொழிலிலிருந்தே துரத்துவது.

3. டிக் மெட்காஃப், கன்ஸ் அண்ட் அம்மோ இதழின் மூத்த எழுத்தாளர். அரசியல் சாசனம் தரும் உரிமைகள் எல்லாவற்றுக்கும் ஏதோவொரு நெறிமுறை உண்டு, மறைத்து ஏந்துவதற்கான உரிமத்துக்கு இல்லினாய் மாநிலம் கேட்கும் 16 மணி நேரப் பயிற்சி உரிமை மீறல் ஆகாது என்று 2013 டிசம்பர் இதழில் எழுதினார். இதழ் அவரை நீக்கியது. அந்தப் பத்தியை வெளியிட்ட ஆசிரியரும் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார்.

மெட்காஃப் சொன்னது தீவிரக் கருத்து அல்ல. முதல்முறை துப்பாக்கி வாங்குபவர் பயிற்சி எடுப்பது நல்லது என்று எந்தச் சுடுதளத்திலும் பயிற்றுநர் சொல்வார். அந்த நல்ல பழக்கத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்பதில்தான் கோடு விழுகிறது. கோட்டைக் காப்பவர்களின் பக்கம் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு கட்டுப்பாட்டை ஒப்புக்கொண்டால் அடுத்தது வரும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு, கீழே வருகிறது. ஆனால் நாற்பதாண்டு நண்பரை ஒரே பத்திக்காகத் துரத்தும் இடத்தில் மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்தை வெளியே இருப்பவர்கள் சம்மதம் என்று படிக்கிறார்கள்.

உரிமை யாருக்கு?

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுக் கறுப்பினத்தவரின் காரைக் காவலர் நிறுத்தினார். காஸ்டிலிடம் துப்பாக்கி ஏந்துவதற்கான முறையான உரிமம் இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பதை அவரே காவலரிடம் முன்கூட்டிச் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு காவலரை நடுவர் குழு விடுவித்தது.

உரிமம் பெற்று, விதிப்படி நடந்து, இருந்தும் உயிரிழந்த ஒருவருக்காகத் துப்பாக்கி உரிமைச் சங்கம்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். என்.ஆர்.ஏ.வின் முதல் அறிக்கையில் அவர் பெயர்கூட இல்லை. சங்கத்தின் வெள்ளையின உறுப்பினர்களிலேயே பலரை இது கோபப்படுத்தியது. உரிமையைக் காக்கிறோமா, காவல்துறைக்கு ஆதரவான கட்சியைக் காக்கிறோமா என்று அவர்கள் கேட்டார்கள். இந்தப் பிரச்சினையின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அரசிடமிருந்து மக்களைக் காக்கவே ஆயுதம் என்ற கொள்கையும், சட்டம் ஒழுங்கு என்ற கட்சி முழக்கமும் ஒரே மேடையில் எளிதில் பொருந்துவதில்லை.

வேறு வீடு தேடியவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் தற்காப்புக்காக 2000-இல் பிங்க் பிஸ்டல்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் 2015-இல் தோன்றியது. லிபரல் கன் கிளப், சோஷலிஸ்ட் ரைபிள் அசோசியேஷன் என இடதுசாரிகளுக்கும் கழகங்கள் உண்டு. 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் சுமார் 75 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணித்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்கு, ஹிஸ்பானியர் ஐந்தில் ஒரு பங்கு. பெருந்தொற்றுக் காலத்து அச்சம் இவர்களைக் கடைக்கு அனுப்பியது. கடைச் சுவரில் தொங்கும் கட்சிக் கொடிக்கும் இவர்கள் வந்த காரணத்துக்கும் தொடர்பில்லை.

ஆதரித்த கட்சியே கைவிட்ட கதை

வலதுசாரித் துப்பாக்கிக்காரரிடமும் கசப்பு உண்டு, வேறு வகை. அவர் அடுக்கும் பட்டியல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குத் தடைசெய்த 1986 சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரேகன்.

2. 168 பேரைப் பலிகொண்ட ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்குப் பின், கூட்டாட்சி அதிகாரிகளைக் கொடுங்கோல் அடியாட்கள் போலச் சித்தரித்த என்.ஆர்.ஏ. நிதிக் கடிதத்தைக் கண்டித்து, 1995-இல் தன் ஆயுள் உறுப்பினர் பதவியைத் துறந்தவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். கடிதம் எழுதியவர்கள் செய்தது தவறு என்று ஒரு சாரார் இன்றும் சொல்வார்கள். புஷ் செய்தது துரோகம் என்று இன்னொரு சாரார்.

3. 2018 பிப்ரவரியில், முதலில் துப்பாக்கியைப் பறித்துவிட்டு நீதி நடைமுறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் பேசியவர் டிரம்ப். லாஸ் வேகஸ் படுகொலையில் பயன்பட்ட பம்ப் ஸ்டாக் கருவியைத் தடைசெய்ததும் அவர் அரசுதான். பின்னதிர்வைக் கொண்டு அரைத்தானியங்கியை மிக வேகமாகச் சுடவைக்கும் கருவி அது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 6-3 என ரத்து செய்தது.

4. 2022-இல் உவால்டே பள்ளிப் படுகொலைக்குப் பின் வந்த இருகட்சிச் சட்டத்தை டெக்சஸ் செனட்டர் ஜான் கார்னின் முன்னின்று பேசி முடித்தார். சொந்த மாநிலக் கட்சி மாநாட்டில் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். ஆயினும் 15 குடியரசுக் கட்சி செனட்டர்கள் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தார்கள்.

5. 2025-இல் ஒலியடக்கிகளை 1934 சட்டத்திலிருந்தே விடுவிப்போம் என்று கிளம்பிய முயற்சி, செனட்டின் நடைமுறை விதியில் சிக்கிச் சுருங்கியது. 200 டாலர் வரி பூஜ்யமானது. பதிவு அப்படியே நீடிக்கிறது.

அதே 2025 செப்டம்பரில், திருநர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்க டிரம்ப் அரசின் நீதி அமைச்சகம் யோசிப்பதாகச் செய்திகள் வந்தன. அப்போது என்.ஆர்.ஏ. எதிர்த்து அறிக்கை விட்டது. தான் ஆதரித்த அரசின் யோசனை என்று தெரிந்தும் விட்டது. காஸ்டில் விஷயத்தில் காட்டாத உறுதியை இங்கே காட்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு ஏன் எதிர்ப்பக்கம் போவதில்லை?

ஜனநாயகக் கட்சியின் கதவில் அவர்கள் மதிப்பை உணரவில்லை. 1994-இன் ‘தாக்குதல் ஆயுத’ தடைச்சட்டம் துப்பாக்கியின் ஆற்றலைப் பெரிதும் பார்க்கவில்லை. கைப்பிடி வடிவம், மடிக்கும் கட்டை, துப்பாக்கிமுனைக் கத்தி பொருத்தும் இடம் போன்ற உறுப்புகளை எண்ணியது. தயாரிப்பாளர்கள் உறுப்புகளைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியை விற்றார்கள். பொருளைத் தெரிந்தவர்களுக்கு, இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் துப்பாக்கி தெரியாது என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. சட்டம் 2004-இல் காலாவதியானது; எண்ணம் ஆகவில்லை.

2019 செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்றவர்கள் மோதிய ஹூஸ்டன் விவாத மேடையில் பெட்டோ ஓ’ரூர்க், ஆமாம், உங்கள் ஏ.ஆர்-15-களை எடுத்துக்கொள்ளத்தான் போகிறோம் என்று முழங்கினார். ‘யாரும் உங்கள் துப்பாக்கியைப் பறிக்க வரவில்லை’ என்று அதுவரை ஜனநாயகக் கட்சியினர் சொல்லிவந்த சமாதானம் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று. 2024-இல் கமலா ஹாரிஸ் தானும் துப்பாக்கி வைத்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னது அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சி. ஓ’ரூர்க்கின் வாக்கியம் இன்னும் பலர் காதில் ஒலிக்கிறது.

சங்கம் தளர்ந்தபின் நடப்பது

என்.ஆர்.ஏ.வை முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்திய வெய்ன் லாபியர் 2024 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தார். அடுத்த மாதம் நியூயார்க் நடுவர் குழு, அவர் சங்கப் பணத்தைத் தவறாகச் செலவிட்டதாகக் கண்டு 4.35 மில்லியன் டாலர் திருப்பிச் செலுத்தச் சொன்னது. உள்ளங்கை காய்த்த உழைப்பாளிகள் கட்டிய சந்தா அது.

இதனால் துப்பாக்கி அரசியல் மென்மையாகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். காரணம் மூன்று.

1. வெளியேறியவர்களில் தீவிரமானவர்களுக்குச் செல்ல இடம் இருந்தது. சமரசமே கிடையாது என்பதை அடையாளமாகக் கொண்ட கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா 1975-இலிருந்தே இருக்கிறது. மிதவாதிகள் போய்ச் சேர அந்த வலிமையுள்ள அமைப்பு இல்லை. அவர்கள் சும்மா வீட்டுக்குப் போனார்கள்.

2. சண்டைக்களம் நீதிமன்றத்துக்கு மாறிவிட்டது. பொதுவெளியில் துப்பாக்கி ஏந்த நியூயார்க் கேட்ட சிறப்புக் காரணத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் ப்ரூவன் வழக்கில் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் வெல்ல உறுப்பினர் கூட்டம் வேண்டாம். நிதியும் வழக்கறிஞரும் போதும்.

3. கருத்து வேறு, வாக்குத் தூண்டுதல் வேறு. பின்னணிச் சரிபார்ப்பை ஆதரிக்கும் துப்பாக்கிக்காரர் அதற்காக மட்டும் ஒருவருக்கு வாக்களிப்பது அரிது. அவருக்கு விலைவாசி, வேலை, வரி என்று வேறு கவலைகள். எதிர்க்கும் சிறுபான்மையோ கட்சியின் உள்தேர்தலில் அந்த ஒன்றுக்காகவே வரிசையில் நிற்கிறது. 2013-இன் 46 வாக்குகளில் பல இந்தக் கணக்கில் விழுந்தவை.

அரசியல் மேடைக்கு வெளியே இந்த மிதவாதம் எப்படி இருக்கும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2009-இல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கித் தங்களை மாய்த்துக்கொண்டது தெரியவந்தது. கடைக்காரர் உடைந்துபோனார். பொதுச் சுகாதார ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, நெருக்கடியில் இருக்கும் வாடிக்கையாளரை அடையாளம் காண்பது எப்படி, விற்க மறுப்பது எப்படி, மனம் சரியில்லாத நண்பரின் துப்பாக்கியைச் சில காலம் வாங்கிவைத்துக்கொள்வது எப்படி என்று குறிப்புகள் தயாரித்தார். அவை மாநிலத்தின் துப்பாக்கிக் கடைகளுக்கெல்லாம் அனுப்பப்பட்டன. பிறகு போய்ப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதிக் கடைகளில் அவற்றில் ஏதாவது ஒன்று பார்வையில் வைக்கப்பட்டிருந்தது. அவர்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. வேறு மாநிலங்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டன.